கதவு தட்டும் சத்தத்தில் கை கால் சில்லிட்டுப் போகிறது
(வாசகர் கேள்வி – பதில்)

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தன. "அவர் நல்லவர்தான், ஆனாலும் பக்கத்தில் வந்தால் எனக்கு என்னவோ ஆகிறது" என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருந்தார்கள். எல்லாம் நம் வடசென்னைப் பக்கத்துக் கடிதங்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு ஐந்து கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 28 வயது, காசிமேடு. கல்யாணமாகி மூன்று வருடம். கணவர் லாஞ்சில் போகிறார், போனால் எட்டுப் பத்து நாள் கடலிலேயே. குடிக்க மாட்டார், கை நீட்டியதில்லை. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு வந்து கதவைத் தட்டினால் அந்தச் சத்தத்திலேயே எனக்குக் கை கால் சில்லிட்டுப் போகிறது. சமைக்கும்போது பின்னால் வந்து தோளைத் தொட்டால் உடம்பு கட்டை மாதிரி ஆகிவிடுகிறது. ராத்திரியில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறேன். என் அப்பா குடித்துவிட்டு வந்து தகரக் கதவை எட்டி உதைப்பார். அவர் செத்து ஆறு வருடம் ஆகிறது. இந்த வருடம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து இவர் கடலுக்குக் கிளம்பிய அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்து அன்று முழுக்க அழுதேன். எனக்கு இவர்மேல் ஆசையே இல்லையா?

தங்கச்சி, ஆசை இல்லாதவள் எதற்கு நாள் முழுக்க அழப்போகிறாள்? உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எனக்குத் தெரிந்தவரை உன் மனசில் குறை எதுவும் இல்லை. உன் உடம்பு சின்ன வயதில் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தை இன்னும் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தகரக் கதவை நினைத்துப் பார். ஒரே அறை வீடு, வாசலில் சத்தம். அந்தச் சத்தத்தை வைத்தே இன்றைக்கு அப்பா எவ்வளவு குடித்திருக்கிறார், அடி விழுமா, வெறும் வசவோடு போகுமா என்று கணக்குப் போட்டிருப்பாய். எத்தனை வருடம் அப்படிப் படுத்திருந்தாய் என்று நீ எழுதவில்லை, ஆனால் எனக்குப் புரிகிறது. ஆபத்து வந்தால் உடம்பு இரண்டு வேலைக்குத் தயாராகும், எதிர்த்து நிற்பது அல்லது ஓடுவது. வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1915-லேயே இதை விளக்கி எழுதிவிட்டார். நாம் கேட்காமலே தானாக ஓடும் நரம்பு மண்டலம் ஒன்று இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் தானியங்கு நரம்பு மண்டலம் என்று படித்திருப்போம். அதில் பரிவு நரம்புகள் என்ற பக்கம் முறுக்கேறினால் இதயம் படபடக்கும், கை சில்லிடும், வயிறு இறுகும். எதிர்ப்பரிவு நரம்புகள் என்ற இன்னொரு பக்கம் மேலோங்கினால் மூச்சு ஆழமாகும், சாப்பிட்டது செரிக்கும், தூக்கம் வரும். சரி, பத்து வயதுப் பெண்ணால் ஒரே அறை வீட்டில் எதிர்த்து நிற்கவும் முடியாது, ஓடவும் முடியாது என்றால் உடம்பு என்ன செய்யும்? அசையாமல் கட்டையாகக் கிடக்கும். அதுதான் அன்று உன்னைக் காப்பாற்றியது. இன்று அடுப்பு முன்னால் நிற்கும்போதும் உடம்பு அதையேதான் செய்கிறது.

இதில் உன் புருஷன் யார் என்ற கேள்வியே வருவதில்லை. பின்னாலிருந்து ஒரு கை தோளில் படும்போது, அது யார் கை என்று நீ யோசித்து முடிப்பதற்குள் மூளையின் எச்சரிக்கைப் பகுதி மணியை அடித்துவிடுகிறது. "அட, இவர்தானே" என்ற அறிவு கொஞ்சம் பிந்தித்தான் வரும். அதற்குள் உடம்பு இறுகிப் போயிருக்கும்.

ராத்திரி விஷயத்துக்கும் இதுதான் காரணம், வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன். தாம்பத்தியத்துக்கு வேண்டிய ரத்த ஓட்டமும் ஈரப்பசையும் பெரும்பாலும் அந்த இரண்டாவது பக்கத்து, அதாவது இளைப்பாறும் பக்கத்து நரம்புகளின் வேலை. முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து அவை கிளம்புகின்றன. ஆணுக்கும் இதே கதைதான். பயம் மேலோங்கி நிற்கும்போது அந்த நரம்புகளுக்கு வழியில்லை. எவ்வளவு ஆசை வைத்திருந்தாலும் அந்த நேரத்தில் உடம்பு ஒத்துழைக்காது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பதை இன்றோடு நிறுத்து. ஒவ்வொரு முறை பொறுத்துக்கொள்ளும்போதும் "பார்த்தாயா, பயந்தது சரிதான்" என்று உடம்பு இன்னொரு முறை எழுதி வைத்துக்கொள்ளும்.

அவரிடம் சொல். விளக்கமெல்லாம் தேவையில்லை. "உன்மேல கோவம் இல்ல மாமா, கதவுச் சத்தம் கேட்டா எங்கப்பா ஞாபகம் வந்து உடம்பு நடுங்குது" என்று ஒரு வரி சொன்னால் போதும். எட்டு நாள் கழித்து ஆசையோடு வருகிறவருக்கு நீ விறைத்துப் போவது எப்படித் தெரியும் தெரியுமா? தன்னைப் பிடிக்கவில்லை என்றுதான் தெரியும். அவரும் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருப்பார்.

அப்புறம் சில ஏற்பாடுகள். படகு கரை பிடித்து ஏலம் முடிந்ததும் அவர் ஒரு போன் போடட்டும். வாசலுக்கு வந்ததும் கதவைத் தட்டவே வேண்டாம், தெருமுனையிலிருந்தே உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும். உன் அப்பா கதவை உதைத்தவர், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அந்த வித்தியாசத்தை உடம்பு பிடித்துக்கொள்ளும். சமையல் நேரத்தில் முன்பக்கமாக வரட்டும், முதலில் குரல், பிறகு கை.

தொடுவதிலும் ஒரு கணக்கு உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நம் தோலில் ஒருவகை மெல்லிய நரம்பு இழைகளைப் பற்றி வருடக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். உரோமம் உள்ள தோலில்தான் அவை அதிகம், மெதுவான வருடலுக்குத்தான் நன்றாகப் பதில் சொல்லும். வினாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகம் வரை பரவாயில்லை, 3 சென்டிமீட்டர் பக்கம் வந்தால் நல்லது, அதுவும் உடம்புச் சூட்டில் இருக்கும் கையாக இருந்தால் இன்னும் நல்லது. உன் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அவர் விரல் வந்து சேர ஏழெட்டு வினாடி ஆக வேண்டும். செய்து பாருங்கள், எவ்வளவு மெதுவானது என்று அப்போதுதான் தெரியும். வலை இழுத்துக் காய்த்துப்போன கைதான், பரவாயில்லை. ஆனால் கையைப் பிடித்து நகர்த்துகிறவள் நீயாக இரு. நீ "போதும்" என்றால் அந்த வினாடியே அவர் நிறுத்த வேண்டும். இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகச் சொல்வேன், ஏனென்றால் நீ சொன்னதும் ஒரு ஆம்பளை நிறுத்துவதை உன் உடம்பு இதுவரை பார்த்ததில்லை.

எங்கள் வீடு கொருக்குப்பேட்டையில் ரயில் பாதைக்குப் பக்கம். நடுராத்திரி சரக்கு ரயில் போனால் அலமாரியில் எவர்சில்வர் டம்ளரெல்லாம் கிணுகிணுவென்று ஆடும். நாங்கள் புரண்டுகூடப் படுக்க மாட்டோம். ஊரிலிருந்து வந்த சித்தி முதல் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தார். "அது வெறும் ரயில்தான், வீட்டுக்குள்ள வராது" என்று எத்தனை முறை சொன்னோம், அவருக்கும் அது தெரியாதா என்ன? ஐந்தாவது நாள் ரயில் போகும்போது குறட்டை விட்டார். தெரிந்த விஷயத்தை உடம்பு நம்புவதற்கு அத்தனை ராத்திரிகள் தேவைப்பட்டன. உனக்கு இன்னும் அதிக நாள் பிடிக்கும், உன்னுடையது நிஜமான அடி.

தடைக்காலம் முடிந்து அவர் கிளம்பிய அன்று அழுதேன் என்று எழுதியிருந்தாய். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள். அடுத்த தடைக்காலத்தை இதற்காகவே வைத்துக்கொள்ளுங்கள், மற்ற மாதங்களில் உடம்பு பழகிவருவதற்குள் அவர் மறுபடி கிளம்பிவிடுகிறார். நடுவில் அவர் ஒவ்வொரு முறை கரைக்கு வரும்போதும் முதல் ராத்திரி கொஞ்சம் பின்னுக்குப் போனது மாதிரி இருக்கும், அதற்காகச் சோர்ந்து போகாதே. கெட்ட கனவும் தூக்கமின்மையும் தொடர்ந்தால் உனக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு இருக்கிறது, கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் இருக்கிறது. போனில் பேசத்தான் தைரியம் வருகிறது என்றால் 14416, அரசின் இலவச எண், தமிழில் பேசலாம். உறவின்போது வலி இருந்தால் மகளிர் மருத்துவரையும் பார்த்துவிடு, வலிக்கு வேறு காரணம்கூட இருக்கலாம்.

கேள்வி: வயது 23, பெரம்பூர். யாரையாவது பிடித்துப்போய் நெருங்கிப் பேச ஆரம்பித்தாலே எனக்குப் படபடப்பு. 'வேகஸ் நரம்பைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகும்' என்று போனில் நிறைய வீடியோக்கள் வருகின்றன. ஐஸ் தண்ணீர், ஹம்மிங், காதில் மாட்டும் மெஷின் என்று ஏதேதோ சொல்கிறார்கள். மெஷின் விலை என் ஒரு மாதச் சம்பளம். வாங்கலாமா?

வாங்காதீர்கள் தம்பி.

வேகஸ் நரம்பு உண்மையிலேயே பெரிய விஷயம்தான். மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் 12 ஜோடி நரம்புகளில் பத்தாவது. கழுத்து வழியாக இறங்கி இதயம், நுரையீரல், வயிறு என்று ஊர் சுற்றும், பெயருக்கே லத்தீனில் சுற்றித் திரிவது என்றுதான் அர்த்தம். அதிலுள்ள இழைகளில் பெரும்பகுதி உடம்பிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோகிறவை. ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி 1921-ல் இரண்டு தவளை இதயங்களை வைத்து ஒரு சோதனை செய்தார். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டியதும் அது துடிப்பது மெதுவானது. அது ஊறியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டார், நரம்பே தொடாத அந்த இதயமும் மெதுவானது. நரம்பு ரசாயனம் மூலமாகப் பேசுகிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். அந்தச் சோதனை அவருக்குக் கனவில் வந்ததாம். பாதி ராத்திரி எழுந்து கிறுக்கி வைத்ததைக் காலையில் அவராலேயே படிக்க முடியவில்லை, மறுநாள் ராத்திரி அதே கனவு மறுபடி வந்ததும் நேராக ஆய்வுக்கூடத்துக்கு ஓடியிருக்கிறார். 1936-ல் நோபல் பரிசு.

நீங்கள் வீடியோவில் கேட்கும் பேச்செல்லாம் பெரும்பாலும் ஸ்டீபன் போர்ஜஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-களில் முன்வைத்த பாலிவேகல் கோட்பாட்டிலிருந்து வருவது. இந்த இடம் பத்திரமா ஆபத்தா என்று நாம் உணர்வதற்கு முன்பே நரம்பு மண்டலம் எடைபோடுகிறது, எதிரில் இருப்பவரின் முகமும் குரலும்கூட அதில் கணக்கில் வருகின்றன என்கிறார். மனநல ஆலோசகர்கள் பலருக்கு இது கைகொடுத்திருக்கிறது, எனக்கும்தான். ஆனால் வேகஸ் நரம்பின் உடற்கூறு பற்றியும் பரிணாமம் பற்றியும் அவர் சொல்வதில் பல உடலியல் அறிஞர்களுக்கு உடன்பாடு இல்லை, கடுமையாகவே மறுத்திருக்கிறார்கள். வீடியோக்காரர்கள் இந்தப் பாதியைச் சொல்வதே இல்லை.

மெஷின் விஷயம். அறுவை சிகிச்சை செய்து மார்புக்குள் பொருத்தும் வேகஸ் தூண்டல் கருவி நிஜமாகவே உண்டு, அமெரிக்காவில் 1997-ல் வலிப்பு நோய்க்கும் 2005-ல் மற்ற சிகிச்சைக்கு அசையாத மனச்சோர்வுக்கும் அனுமதி கிடைத்தது. அதன் பெயரைச் சொல்லிக் காதில் மாட்டுவதை உங்களிடம் விற்கிறார்கள், இரண்டும் ஒன்றல்ல.

காசில்லாமல் ஒன்று செய்து பாருங்கள். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுங்கள், துடிப்பு கொஞ்சம் வேகமாகும். அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள், துடிப்பு இளகுவது விரலுக்கே தெரியும். அது வேகஸ் நரம்பின் வேலை. ஹம்மிங் உதவுகிறது என்றால் அதிலும் மூச்சு நீளமாக வெளியே போவதால்தான். முகத்தில் சில்லென்று தண்ணீர் அடித்தால் துடிப்பு குறைவதும் உண்மை, ஆனால் இதயக் கோளாறு உள்ளவர்கள் ஐஸ் தண்ணீரில் முகத்தை முக்கிப் பார்க்க வேண்டாம்.

பிடித்த பெண்ணிடம் பேசும்போது படபடக்கிறது என்றால், கொஞ்சம் படபடக்கட்டுமே. எதிரில் உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசினால்தான் அதிகமா, பக்கத்தில் நடந்துகொண்டே பேசினால் குறைகிறதா என்று கவனியுங்கள். நிறையப் பேருக்கு நடந்துகொண்டே பேசுவது சுலபம்.

கேள்வி: வயது 36, மணலி புதுநகர். கண்டெய்னர் வண்டி ஓட்டுகிறேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி ஸ்கூல் ஃபீஸ், அவங்க அண்ணன் வாங்கின கடன் என்று ஆரம்பிப்பார். முதலில் பதில் சொல்வேன், ஐந்து நிமிடத்தில் காது அடைக்கிறது, வாயே வராது. 'செவுரு மாதிரி நிக்கிறீங்களே' என்று கத்துவார். எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவேன். கோபத்தில் அடித்துவிடுவேனோ என்று பயந்துதான் போகிறேன். அது தப்பா?

அடித்துவிடுவோமோ என்று பயந்து எழுந்து போனீர்கள் பாருங்கள், அதற்காக உங்களை மதிக்கிறேன் தம்பி. போவதில் தப்பில்லை. சொல்லாமல் போவதுதான் பிரச்சினை.

ஜான் காட்மன் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் கணவன் மனைவியை ஆய்வுக்கூடத்தில் உட்காரவைத்து, நிஜமாகவே அவர்களுக்குள் சண்டை வரும் விஷயத்தைப் பேசவிட்டு, இருவருடைய இதயத்துடிப்பையும் அளந்தார். துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் ஏறுவதில்லை. நீங்கள் சொன்ன காது அடைப்பு அதுதான். வெளியே செவுரு மாதிரி தெரிகிறவருக்கு உள்ளே என்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும். ஒரு முறை காட்மன் குழுவினர் சண்டைக்கு நடுவில் "கருவி கெட்டுவிட்டது, சரிசெய்யும்வரை பத்திரிகை படித்துக்கொண்டிருங்கள்" என்று தம்பதிகளைக் கொஞ்ச நேரம் சும்மா உட்காரவைத்தார்கள். திரும்ப ஆரம்பித்தபோது துடிப்பு இறங்கியிருந்தது, பேச்சும் நிதானமாகியிருந்தது.

அதனால் இனி காது அடைக்க ஆரம்பித்ததும் 15 வினாடி நாடியை எண்ணுங்கள். 25-ஐத் தாண்டினால் 100-க்கு மேல். "எனக்குத் தலை சூடாயிடுச்சு, இருபது நிமிஷம் வெளிய போய்ட்டு வரேன், வந்து ஃபீஸ் விஷயம் பேசலாம்" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள், சொன்ன நேரத்துக்கு வந்தும் விடுங்கள். டீக்கடையில் உட்கார்ந்து "அவ எப்படி அப்படிச் சொல்லலாம்" என்று மனசுக்குள்ளேயே சண்டையைத் தொடர்ந்தால் இருபது நிமிடம் என்ன, ரெண்டு மணி நேரமானாலும் துடிப்பு இறங்காது. யார்கூடவாவது வேறு எதையாவது பேசுங்கள், நடங்கள்.

உங்கள் மனைவி ஏன் அவ்வளவு கத்துகிறார் என்பதையும் கொஞ்சம் பார்ப்போம். எட்வர்ட் டிரோனிக் என்ற ஆய்வாளர் 1970-களில் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு கொஞ்சி விளையாடிக்கொண்டிருந்த அம்மாவைச் சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் பார்க்கச் சொன்னார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் போடும், எதற்கும் பதில் இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு துவண்டுவிடும். அந்த அம்மா அடிக்கவில்லை, திட்டவில்லை, பதில் தராமல் இருந்தார், அவ்வளவே. வளர்ந்த பிறகும் நமக்கு இது போவதில்லை. நீங்கள் வாயடைத்து நிற்கும்போது அவருக்கு உள்ளே மணி அடிக்கிறது, அவர் குரல் உயர்கிறது, அந்தக் குரலில் உங்களுக்கு மணி அடிக்கிறது. இரண்டு பேருமே பயந்து போயிருக்கிறீர்கள். இந்தப் பத்தியை அவரிடமும் படித்துக் காட்டுங்கள்.

இன்னொன்று. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்காக மணிக்கணக்கில் வரிசையில் நின்று, ஏர் ஹாரனும் என்ஜின் அதிர்வும் தூசியுமாக வீடு வருகிற உடம்பு அது. வண்டியை விட்டு இறங்கின கையோடு கடன் கணக்குப் பேச அதற்குத் தெம்பு இருக்காது. வீட்டுக்கு வந்ததும் குளித்து, சாப்பிட்டு, பிறகுதான் கணக்குவழக்கு என்று இரண்டு பேரும் ஒரு நேரத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். பேசாமலே தள்ளிப்போட மாட்டீர்கள் என்று தெரிந்தால் அவரும் வாசலிலேயே ஆரம்பிக்க மாட்டார்.

கேள்வி: பெயர், ஊர் எதுவும் போடாதீர்கள். மூச்சுப்பயிற்சி செய்தால் கணவர் வரும்போது பயப்படாமல் இருக்கப் பழகலாமா? போன மாதம் கழுத்தைப் பிடித்து அழுத்தினார். மறுநாள் பிரியாணி வாங்கி வந்து அழுதார்.

வேண்டாம் அம்மா. இந்தப் பயத்தைக் குறைக்க நான் உங்களுக்கு எதுவும் சொல்லித்தர மாட்டேன். மேலே காசிமேட்டுத் தங்கச்சிக்கு எழுதியதை நீங்கள் உங்களுக்கு எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். அவளுக்கு ஆபத்து முடிந்துபோன ஒன்று, உங்களுக்கு அது இன்றைக்கும் வீட்டுக்குள் இருக்கிறது. உங்கள் உடம்பு சரியாகத்தான் மணி அடிக்கிறது.

கழுத்தை நெரித்த ஆள் பிற்பாடு உயிரையே எடுத்துவிடும் அபாயம் பல மடங்கு அதிகம் என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. பயமுறுத்த எழுதவில்லை, நீங்கள் இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். குரல் கம்மியிருந்தாலோ, விழுங்கும்போது வலித்தாலோ, தலைசுற்றினாலோ, ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பிரியாணியும் அழுகையும் நிஜமாகவே இருக்கலாம், அவர் அந்த நேரத்தில் உண்மையாகவே வருந்தியிருக்கலாம். அதற்காக அடுத்த முறை கை கழுத்துக்குப் போகாது என்று ஆகிவிடாது.

181 பெண்களுக்கான உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம். உடனடி ஆபத்து என்றால் 112. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு போட்டால் அவர் உங்களை நெருங்கக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு வாங்கலாம், வீடு அவர் பெயரிலேயே இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மாவட்டத்துக்கு மாவட்டம் இதற்கென்றே பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், 181-ல் கேட்டால் வழி சொல்வார்கள். ஆதார், பேங்க் புத்தகம், பிள்ளைகள் இருந்தால் அவர்களின் பிறப்புச் சான்றிதழ், கொஞ்சம் பணம், ஒரு மாற்றுத் துணி, இவற்றை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் இன்றைக்கே வையுங்கள். கிளம்பப் போகிறேன் என்று அவரிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள், அந்த நேரம்தான் அதிக ஆபத்து. இந்தப் பக்கத்தைக் கிழித்து வீட்டில் வைக்க வேண்டாம். எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 181.

நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதினால் எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும்.

கேள்வி: எனக்கு 57 வயது, தண்டையார்பேட்டை. அவர் ரிட்டயர் ஆகி ஒரு வருடம். பிள்ளைகள் வெளியூரில். பேரன் பேத்தி எடுத்த பிறகு ஹாலில் அவர், உள்ளே நான் என்று படுக்கை தனித்தனி. எனக்கு வேறு எதுவும் வேண்டாம், கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். போன மாதம் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கப் போனபோது வெளியே பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தேன், அவர் பில் கட்ட வரிசையில் நின்றார். ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்று வந்தது. ஆனால் அந்த அரைமணி நேரத்தை நினைத்தால் இன்னும் அழுகை வருகிறது. இந்த வயதில் இதைக் கேட்கலாமா?

கேளுங்கள் அக்கா, எந்த வயதிலும் கேட்கலாம்.

2006-ல் ஜேம்ஸ் கோன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 16 திருமணமான பெண்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, கணுக்காலில் சின்ன மின்அதிர்ச்சி வரலாம் என்று எச்சரித்துவிட்டு மூளையில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். தனியாகப் படுத்திருந்தபோது பயத்துக்கான பகுதிகள் நன்றாகவே வேலை செய்தன. முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டபோது ஓரளவு அடங்கின. கணவர் கையைப் பிடித்தபோது அதைவிட அதிகமாக அடங்கின, அதிலும் ஒட்டுதலாக வாழ்ந்த பெண்களுக்கு இன்னும் அதிகம். அந்தப் பெஞ்சில் நீங்கள் ஏங்கியது இதற்குத்தான்.

அவர் பில் வரிசையில் நின்றதும் ஒருவகையில் அக்கறைதான் என்று உங்களுக்கே தெரியும், கோபப்பட்டு எழுதவில்லை நீங்கள். நம் வீட்டு ஆண்கள் பலருக்கு அக்கறை என்றால் பணம் கட்டுவது, ஆட்டோ பிடிப்பது, மருந்து வாங்கி வருவது. கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதும் அதில் சேர்த்தி என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அன்றைக்கு நடந்ததைக் குறையாகச் சொல்லாமல், "பெஞ்சுல உக்காந்திருக்கும்போது நீங்க பக்கத்துல இருந்து கையைப் பிடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். உடனே என்ன பதில் வருகிறது என்று பார்க்காதீர்கள், அவருக்கு ரெண்டு நாள் ஆகலாம்.

டி.ஹெச். ரோட்டை, அதான் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை, கடக்கும்போது என்ன செய்கிறார்? உங்கள் கையைப் பிடிப்பார் என்று நினைக்கிறேன், எங்கள் பக்கத்தில் எல்லா ஆண்களும் அங்கே மட்டும் பிடிப்பார்கள், அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் சுடுபட்ட மாதிரி விட்டுவிடுவார்கள். நாளைக்குச் சாயந்திரம் பூ வாங்க, காய் வாங்க என்று ஏதாவது சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ரோட்டைக் கடந்ததும் நீங்கள் கையை விடாதீர்கள்.